ஒன்பதாம் வகுப்பில் ‘நடுக்கடலில் தத்தளிப்பு’ விளையாட்டு: குழுவாக உட்கார்ந்தால் அறிவு கூடுகிறதா, குறைகிறதா?

உப்பளக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வாலிநோக்கம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சமீபத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு குழு விளையாட்டு நடத்தினேன். அதில் நடந்ததை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள். எதுவும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. இங்கே பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள், கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு பழையது. நெமிரோஃப், பாஸ்மோர் என்ற இருவர் 1975ல் அமெரிக்காவில் வெளியிட்டது. தென் பசிபிக்கில் ஓர் உல்லாசப் படகு தீப்பிடித்து மூழ்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் துடுப்பு வைத்த ஒரு ரப்பர் மிதவையில் தப்பிவிட்டீர்கள். கிட்டத்திலுள்ள கரையே சுமார் 1000 மைல். சட்டைப்பையில் சிகரெட், தீப்பெட்டி, சில டாலர் நோட்டுகள். தீயிலிருந்து மிஞ்சிய பொருட்கள் 15: செக்ஸ்டன்ட், முகச்சவரக் கண்ணாடி, ஒரு கேன் தண்ணீர், கொசுவலை, ராணுவ உணவுப் பொட்டலம், பசிபிக் வரைபடங்கள், மிதக்கும் இருக்கை மெத்தை, எண்ணெயும் பெட்ரோலும் கலந்த கேன், சின்ன டிரான்சிஸ்டர், சுறா விரட்டி, பிளாஸ்டிக் விரிப்பு, ரம், நைலான் கயிறு, சாக்லேட், தூண்டில் பெட்டி. உயிர் பிழைக்க எது முக்கியம் என்று 1 முதல் 15 வரை வரிசைப்படுத்த வேண்டும்.

ரம்மை ‘ஸ்பிரிட்’ என்று மாற்றித்தான் போர்டில் எழுதினேன். அப்படியும் பின் பெஞ்சிலிருந்து, “குடிக்கவா டீச்சர், புண்ணுக்கா?” என்று ஒரு குரல் வந்தது. (விடைத்தாளும் புண்ணுக்குத்தான் என்கிறது. குடித்தால் உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும்.)

முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் தனியாக எழுத வேண்டும். அப்புறம் ஐந்து பேர் கூடி, பேசி, ஒரே பட்டியல் தயாரிக்க வேண்டும். கடைசியில் அமெரிக்க வணிகக் கப்பல் அதிகாரிகள் கொடுத்த வரிசையோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் நல்லது.

ஒரு குழுவில் வகுப்பின் முதல் ரேங்க் மாணவன் இருந்தான். செக்ஸ்டன்ட் என்றால் என்ன என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். சூரியன், நட்சத்திரத்தை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று அழகாகச் சொன்னான். குழு அதை முதலில் போட்டது. வரைபடம் இரண்டாவது. கண்ணாடி 12வது, ஏனென்றால் ‘நடுக்கடலில் யார் ஷேவ் பண்ணுவா?’ விடைத்தாளில் கண்ணாடிதான் 1, வரைபடம் 13, செக்ஸ்டன்ட் 15. இந்த மூன்று பொருளில் மட்டும் 36 புள்ளி போச்சு.

விஷயம் அதுவல்ல. அதே குழுவில் ஒரு பெண், தன் தனித்தாளில் கண்ணாடியை முதலில் எழுதியிருந்தாள். வகுப்பிலேயே குறைவான புள்ளி அவளுடையதுதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அப்பா வள்ளம் எஞ்சின் நின்னு கிடந்தப்ப எவர்சில்வர் தட்டை வெயில்ல காட்டித்தான் இன்னொரு வள்ளத்தைக் கூப்பிட்டாங்க டீச்சர்” என்றாள். ஏன் குழுவில் சொல்லவில்லை என்றேன். “அவன் பேரெல்லாம் தெரிஞ்சு பேசினான். எனக்கு அந்தக் கருவி பேரே வாயில வரல. அப்புறம் யாரும் கேக்கல.”

கூச்சம் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். தலைமைப் பண்பு பயிற்சி வேண்டும் என்றார் இன்னொருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கணக்கு சார்

டீச்சர், முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த விளையாட்டை நடத்துகிற பயிற்சியாளர்கள் கடைசியில் ஒரு வித்தை காட்டுவார்கள். “பாருங்கள், குழுவின் புள்ளி உங்கள் தனிப்பட்ட புள்ளிகளின் சராசரியைவிட நன்றாக இருக்கிறது, இதுதான் கூட்டு முயற்சியின் வெற்றி” என்பார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள்.

அது கூட்டு முயற்சியே இல்லை, வெறும் கூட்டல் கழித்தல். ஒரு பொருளின் சரியான இடம் 5 என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 2 என்கிறான், இன்னொருவன் 9 என்கிறான். தவறுகள் 3, 4. சராசரித் தவறு 3.5. இப்போது அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம், இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 5.5. தவறு வெறும் 0.5. ஒருவன் மேலே தப்பு செய்கிறான், இன்னொருவன் கீழே. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. எல்லாரும் ஒரே பக்கம் தப்பினாலும் சராசரி எண்ணின் தவறு, தவறுகளின் சராசரியைவிட அதிகமாகாது, அவ்வளவுதான்.

ஆக, பேசாமலே கிடைக்கிற லாபம் இது. பேசியதால் என்ன கிடைத்தது என்று தெரிய வேண்டுமானால், குழுவின் புள்ளியை அந்தக் குழுவின் சிறந்த ஆளின் புள்ளியோடு ஒப்பிட வேண்டும். உங்கள் குழுவில் அந்தப் பெண்ணின் தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார்கள். கூடிப் பேசித்தான் தோற்றார்கள்.

---

மூக்கையூர் தம்பி

டீச்சர், நான் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு நாட்டுப்படகில் போகிறவன். மன்னிக்கணும், அந்த விடைத்தாளையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணாடி சரி. வெயில் இருந்தால் கண்ணாடி வெட்டு ரொம்ப தூரம் தெரியும், தட்டும் தெரியும். டிரான்சிஸ்டர் கீழே போனதும் சரி, அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. ஆனால் கயிறு 8வதா? சாமான் தண்ணீரில் விழாமல் கட்டி வைக்க மட்டும்தான் கயிறு என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. ஆழம் அதிகமிருந்தால் வாளியோ எதையோ கயிற்றில் கட்டிப் பின்னால் விட்டு, படகு காற்றோடு ஓடாமல் பிடித்து வைப்பது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதத்தில் சும்மா விட்டால் வடகிழக்கே தூக்கிக்கொண்டு போய்விடும். வாடையில் நேர் எதிர். பாக் ஜலசந்திப் பக்கம் போகிறவர்களுக்கு இதில் பசி, தாகத்துக்கு முன்னால் வருகிற பயம் எல்லை தாண்டிப் போவது. பசிபிக்கில் அந்தப் பிரச்சினை இல்லை, கரையே 1000 மைல்.

அப்புறம் கொசுவலை 14வதாம். நடுக்கடலில் கொசு இல்லையாம், அதனால் உபயோகம் இல்லையாம். வலையை வலையாகப் பார்க்கத் தெரியாதவர் எழுதிய விடை.

இன்றைக்குப் பட்டியல் போட்டால் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் கருவி), வயர்லெஸ், லைஃப் ஜாக்கெட், கரைக்கு அருகே என்றால் போன், 1554 நம்பர். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுங்கள். 1554 இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண், இலவசம்.

---

உப்பளக்காற்று

தம்பி, நீங்கள் கொசுவலையைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். மூன்று மீனவப் பையன்கள் இருந்த குழு ஒன்றில் அதுதான் சண்டையே. ஒருவன் கொசுவலையை ஐந்துக்குள் வைக்கணும், சென்னாகூனி (பொடி இறால்) அள்ளலாம் என்றான். இன்னொருவன், “சென்னாகூனி கரை ஓரத்துலதானடா, ஆயிரம் மைலுக்கு அங்கிட்டு எவன் கொண்டாந்து வைப்பான்?” என்றான். மூன்றாமவன் வலையை மடித்துத் தூண்டிலுக்கு இரைமீன் பிடிக்கலாம் என்று சமாதானம் பேசினான். குரல் பக்கத்து வகுப்புக்குக் கேட்டு, அங்கிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஏழாவது இடத்தில் வைத்தார்கள். விடைத்தாள்படி 7 புள்ளி தவறு. ஆனால் அந்தக் குழு மட்டும்தான் தன் சிறந்த ஆளைவிடக் குறைவான புள்ளி வாங்கியது. கொசுவலையில் விட்டதைத் தண்ணீர், பிளாஸ்டிக் விரிப்பு, எண்ணெய் எல்லாவற்றிலும் பிடித்துவிட்டார்கள். விரிப்பில் மழைத்தண்ணீர் பிடிக்கலாம் என்று ஒருவன், எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், பற்ற வைத்தால் தூரத்துக் கப்பலுக்குத் தெரியும் என்று இன்னொருவன். ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஏன்?’ கேட்டுக்கொண்டே போனார்கள்.

முதல் ரேங்க் குழுவில் சத்தமே இல்லை. எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பார்வைக்கு அதுதான் நல்ல குழு. ஆய்வுக்கு யாராவது வந்திருந்தால் அவர்களைத்தான் பாராட்டியிருப்பார்கள்.

---

சென்னைவாசி ராம்நாடு

சொந்த ஊர் தேவிபட்டினம், வேலை சென்னையில், ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவு. இதே விளையாட்டை ஹோட்டல் ஹாலில் ஏசி போட்டு, பஃபே சாப்பாட்டோடு நடத்தியிருக்கிறோம். என் அனுபவத்தில் அதனால் யாரும் மாறியதில்லை. மறுநாள் அலுவலகத்தில் அதே மேனேஜர் பேசுவார், அதே ஆட்கள் தலையாட்டுவார்கள்.

நான் பார்த்த பெரிய சிக்கல் வேறு. கூட்டத்தில் ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் வேலையைக் குறைத்துக்கொள்வார்கள். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார், 1913ல் வெளியிட்டார். தனி ஆள் சராசரி 63 கிலோ இழுத்தான். மூன்று பேர் 189 இழுக்க வேண்டும், இழுத்தது 160. எட்டுப் பேர் 504 இழுக்க வேண்டும், இழுத்தது 248. பாதிகூட இல்லை. அந்தப் பெண்ணும் ‘நாலு பேர் பேசுகிறார்களே, நான் எதற்கு’ என்று விட்டிருக்கலாம் இல்லையா?

---

புதுமடம் கரை

ராம்நாடு அண்ணே, கயிறு இழுப்பதைச் சொன்னதால் உள்ளே வருகிறேன். எங்கள் தாத்தா கரைவலைக்காரர். சின்ன வயசில் லீவு நாளில் நானும் கயிறு பிடித்திருக்கிறேன், கூலியாக மீன்.

அந்த எட்டுப் பேரைக் கரைவலைக்குக் கூட்டி வந்திருந்தால் அவர் வேறு கட்டுரை எழுதியிருப்பார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் வலையோடு போகும். அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு இன்னொரு முனையைத் தள்ளிக் கொண்டுவந்து கரையில் கொடுக்கும். இரண்டு முனையிலும் இரண்டு கூட்டம். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். கடைசியில் மடி (வலையில் மீன் சேரும் பை) வரும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள்.

இதில் ஒரு பக்கம் வேகமாக இழுத்துவிட்டால் ‘நாங்கள்தான் பலசாலி’ என்று யாரும் மெச்ச மாட்டார்கள். வலை கோணிக்கொள்ளும், மீன் அந்த வழியே போய்விடும். அதனால் தாத்தா நடுவில் நின்று எந்தப் பக்கம் தளரணும், எந்தப் பக்கம் பிடிக்கணும் என்று கத்திக்கொண்டே இருப்பார். பாட்டு எதற்கு? ‘ஏலேலோ’ என்றதும் எல்லாக் காலும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றும். பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் கயிறு அசையாது.

ஓபி அடிக்கிறவனும் இருப்பான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இழுத்துப் பின்னால் நடந்து நடந்து வரிசையின் கடைசிக்குப் போனவன் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் தண்ணீர் ஓரத்துக்கு வந்து மறுபடி பிடிக்கணும். எல்லாருக்கும் எல்லா இடமும் வரும். தண்ணீர் ஓரத்தில் நிற்கும்போது சும்மா பிடித்திருந்தால் பின்னால் நிற்கிறவனுக்குக் கயிற்றிலேயே தெரிந்துவிடும். திட்டு விழும்.

---

கணக்கு சார்

புதுமடம் தம்பி சொன்னதில்தான் பிடி இருக்கிறது. ரிங்கல்மானின் கணக்கில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது. ஒன்று, ஒரே நேரத்தில் இழுக்காதது. இன்னொன்று, மனசு வைக்காதது. 1974ல் இங்கம் என்பவரும் கூட்டாளிகளும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆளின் கண்ணைக் கட்டி முன்னால் நிறுத்தி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தது அவன் ஒருவன்தான். அப்போதும் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தான். அது மனசு வைக்காத பகுதி. பிறகு வந்த ஆய்வுகளில், ஒவ்வொருவர் பங்கும் தனியே தெரியும் என்றதும் அந்தத் தளர்ச்சி குறைந்தது. தண்ணீர் ஓரத்துக்கு முறை போட்டு வருவது அதைத்தான் செய்கிறது.

ஆனால் ராம்நாடு சார், அந்தப் பெண் ஓபி அடித்தாள் என்பதை ஏற்க மாட்டேன். தனித்தாளை முழுசாக, நன்றாக எழுதியவள். ஓபி அடிக்கிறவள் அதிலேயே அடித்திருப்பாள்.

---

பாம்பன் ரயில்

நானும் ஒரு தகவல். பழைய பாம்பன் பாலம் 1914ல் திறந்தது. அதன் நடுவில் கப்பலுக்குத் திறக்கிற ஷெர்சர் பகுதியை ஆட்கள் கையால்தான் சுற்றித் திறந்தார்கள். இரண்டு இலை, இரண்டு பக்கமும் ஆட்கள். கப்பல் வருகிற நாளில் ரோட்டுப் பாலத்தில் கூட்டம் நின்று பார்க்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, எல்லாம் மோட்டார். ஆள் பலம் என்ற ஒன்றையே காணோம். புதுப் பாலத்தில் ராமேஸ்வரம் போன அனுபவம் யாருக்காவது…

---

நெறியாளர்

பாம்பன் ஐயா, பாலத்துக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே வாருங்கள். இங்கே வகுப்பறை விஷயம் மட்டும்.

---

சின்ன ஏர்வாடி அக்கா

டீச்சரம்மா, நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். என் அம்மாவும் சித்தியும் பாசிக்கு (கடற்பாசி எடுக்க) போனவர்கள், நானும் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளையைக் கூச்சம் என்று சொன்ன ஆசிரியரைக் கொஞ்சம் எங்கள் பக்கம் அனுப்பி வையுங்கள்.

பாசிக்குப் போகும்போது விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குகிறோம். மரிக்கொழுந்து எந்தப் பாறையில், கஞ்சிப்பாசி எந்தப் பக்கம், நீரோட்டம் எப்போது திரும்பும் என்று எங்கள் பெண்கள் பேசுகிற பேச்சைக் கேட்டால் காது வலிக்கும். எவளும் எவளுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அதே பெண்களைக் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் பாருங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டிருப்பார்கள். அங்கே பேசப்படுவதும் அதே பாசி, அதே தீவு, அதே கடல்தான். ஆனால் பேச்சு ‘உயிர்க்கோளக் காப்பகம்’, ‘மேலாண்மைத் திட்டம்’ என்று போகும். பேர் தெரிந்தவர் பேசுவார், பொருள் தெரிந்தவள் கேட்பாள்.

உங்கள் வகுப்பில் நடந்ததும் அதுதான். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவனுக்குப் பேர் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு அதுவே போதும் என்று பட்டது.

ஒரே ஒரு கேள்வி. குழுவில் பேனா யார் கையில் இருந்தது?

---

உப்பளக்காற்று

அக்கா, அவன் கையில்தான். நான் தாளைக் கொடுத்ததும் மற்ற நால்வரும் பேசிவைத்தமாதிரி அவன் பக்கம் நகர்த்தினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. சொன்னதை எல்லாம் அவன் எழுதினானா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பையன் தண்ணீரைச் சொன்னான், “இரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டு வரைபடத்தை எழுதினான். தண்ணீர் ஆறாவதாகத்தான் ஏறியது.

---

ஒரு அப்பா

நான் எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை, என் பையனும் முதல் ரேங்க் வாங்குகிறவன்தான். இங்கே அந்தப் பையனை எல்லாரும் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. செக்ஸ்டன்ட் என்னவென்று படித்து வைத்திருக்கிறான். அதுவும் அறிவுதானே? வீட்டில் வள்ளம் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம்தான் கடல்.

---

கணக்கு சார்

அப்பா சார், அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதி. செக்ஸ்டன்டில் கோணத்தை அளந்தாலும், அட்டவணையும் துல்லியமான கடிகாரமும் இல்லாமல் இடம் தெரியாது. மிதவையில் அவை இரண்டும் இல்லை. சரி, இடம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1000 மைலைத் துடுப்பு போட்டா கடப்பார்கள்? “இதை வைத்து என்னடா பண்ணுவே?” என்று நால்வரில் ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பையனே இறக்கிவைத்திருப்பான். புத்திசாலிப் பையன், கேள்வி வந்தால் யோசிப்பான். கேள்வி வரவில்லை. நஷ்டம் அவனுக்கும்தான்.

---

கீழக்கரை பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். துபாயில் பல வருஷம் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தவன், இப்போது ஊரில். இதற்கு நிலா விளையாட்டு என்று ஒரு மூத்த அண்ணன் உண்டு. நிலாவில் சிக்கிக்கொண்டால் எந்தப் பொருள் முதலில் என்று வரிசைப்படுத்துவது. அதை வைத்து ஹால், வாட்சன் என்ற இருவர் 1970ல் ஒரு காரியம் செய்தார்கள். சில குழுக்களை வெறுமனே பேசவிட்டார்கள். சில குழுக்களுக்குப் பேசும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். முறை இதுதான்: உன் வரிசைக்காகவே வாதாடிக்கொண்டிருக்காதே. சண்டை வேண்டாமே என்று மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஓட்டு போடாதே, சராசரி எடுக்காதே, காசு சுண்டாதே. கருத்து வேறுபாடு வந்தால் சந்தோஷப்படு, அதில் தகவல் இருக்கிறது. சீக்கிரம் ஒத்துப்போனால் சந்தேகப்படு.

முறை தெரிந்த குழுக்கள் நன்றாகச் செய்தன. டீச்சர், உங்கள் கொசுவலைப் பையன்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே இதைச் செய்திருக்கிறார்கள். கை கட்டி உட்கார்ந்த குழு எல்லாவற்றையும் மீறியிருக்கிறது, ரொம்ப ஒழுங்காக.

---

சென்னைவாசி ராம்நாடு

பாய், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘விட்டுக்கொடுக்காதே’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் போதுமா? எங்கள் கம்பெனியில் நாற்பது வயது ஆட்களே மேனேஜர் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கிறார்கள். அதைவிட, தகவலையே பிரித்துக் கொடுத்துவிடலாம். அரோன்சன் என்ற உளவியலாளர் 1971ல் டெக்சாஸ் ஆஸ்டினில் ஆரம்பித்த முறை. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஒருவர் துண்டு இல்லாமல் மற்றவருக்குப் பாடம் முழுசாகாது. கேட்டே ஆகணும். தனக்கு மட்டும் தெரிந்ததைக் கூட்டத்தில் சொல்லாமல், எல்லாருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுவதுதான் மனித குணம் என்று ஸ்டாசர், டைட்டஸ் 1985லேயே காட்டிவிட்டார்கள். துண்டு முறை அதை உடைக்கும்.

---

சின்ன ஏர்வாடி அக்கா

தம்பி, துண்டு நீங்கள் எழுதிக் கொடுப்பது. அதில் எவர்சில்வர் தட்டு இருக்குமா? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது டீச்சருக்கே தெரியாது. தெரியாததை எப்படித் துண்டு போடுவீர்கள்?

---

சென்னைவாசி ராம்நாடு

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

உப்பளக்காற்று

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதை வைத்து இரண்டாவது சுற்று நடத்திவிட்டேன். இந்தத் தடவை பசிபிக் இல்லை. மன்னார் வளைகுடாவில், தீவுகளுக்கு வெளியே, எஞ்சின் நின்ற நாட்டுப்படகு. பொருட்களைப் பிள்ளைகளே சொல்ல, நான் போர்டில் எழுதினேன்: கயிறு, நங்கூரம், தண்ணீர் கேன், எவர்சில்வர் தட்டு, தார்ப்பாய், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன், டார்ச், லைஃப் ஜாக்கெட், சோற்றுத் தூக்கு, இன்னும் சில.

முதலில் பேனாவை ஒவ்வொரு குழுவிலும் அதிகம் பேசாதவர் கையில் கொடுத்தேன். அக்காவின் கேள்விதான் காரணம். அது நான் நினைத்த மாதிரி போகவில்லை. அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு மற்ற நால்வர் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதினாள். முன்பு பேசாமல் உட்கார்ந்திருந்தாள், இப்போது பேசாமல் எழுதினாள்.

அதனால் அடுத்து எல்லாக் குழுக்களிடமும் பேனாவையே பிடுங்கிவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் தனித்தாளைப் பார்த்து, எதை முதலில் வைத்தேன், எதைக் கடைசியில் வைத்தேன், ஏன் என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை யாரும் பதில் பேசக் கூடாது. அப்புறம்தான் தாளும் பேனாவும். இதில் குழுக்களின் முகமே மாறியது. தன் தாளில் எழுதியிருப்பதை வாசிப்பது எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. மெல்லிய குரலில் என்றாலும் எல்லாரும் வாசித்தார்கள். முதல் ரேங்க் மாணவன் போனை முதலில் வைத்திருந்தான். “தீவுக்கு வெளிய டவர் எடுக்காதுடா” என்று ஒருவன் சொன்னதும், அவனே “எத்தனை தூரம் வரைக்கும் எடுக்கும்?” என்று கேட்டான். அங்கிருந்து பேச்சு எங்கேயோ போய்விட்டது, மணி அடித்தும் முடியவில்லை.

இப்போது என் பிரச்சினை விடைத்தாள். இந்தப் பட்டியலுக்கு அமெரிக்க அதிகாரிகள் விடை தரமாட்டார்கள். நங்கூரமா, லைஃப் ஜாக்கெட்டா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மூக்கையூர் தம்பி, ஒரு நாள் வகுப்புக்கு வந்து வரிசை சொல்ல முடியுமா?

---

மூக்கையூர் தம்பி

வருகிறேன் டீச்சர். ஆனால் நான் ஒருவன் மட்டும் சொல்கிற வரிசை வேண்டாம். எனக்கு நங்கூரம் முதலில். எங்கள் அப்பாவைக் கேட்டால் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவே மாட்டார், பெரும்பாலும் போடவும் மாட்டார், அந்தச் சண்டை வீட்டில் தினமும் நடக்கிறது. அவரையும் கூட்டி வருகிறேன். அந்தப் பிள்ளையின் அப்பா வந்தால் இன்னும் நல்லது. மூன்று பேரும் முதலில் தனித்தனியாக எழுதுகிறோம், பிள்ளைகள் எங்களுக்குப் புள்ளி போடட்டும்.

இந்த வாரம் காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள், படகு இறக்க மாட்டோம். வியாழக்கிழமை மத்தியானம் சரிப்படுமா? தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். தட்டும் கண்ணாடியும் நான் கொண்டுவருகிறேன், பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி எவ்வளவு தூரம் தெரிகிறது என்று காட்டிவிடலாம்.

---

கீழக்கரை பாய்

வெயில் இருக்கணும் தம்பி. மேகம் போட்டால் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சர், முடிந்ததும் இங்கே புள்ளியைப் போடுங்கள், பெரியவர்கள் மூன்று பேரின் புள்ளியையும் சேர்த்து.